ஒத்திகை இல்லாத நாடகம்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். "சார், லீவு விட்டாச்சு. மகளைக் கோடைகால இசைப் பட்டறையில சேர்க்கலாமான்னு யோசிக்கிறேன். பத்து நாள்தான். கடைசி நாள் மேடையில பாட வைக்கிறாங்களாம். பத்து நாள்ல என்ன சார் வந்துடப் போகுது?" என்றாள். "சேர்த்து விடும்மா, மேடைக் கூச்சமாவது போகும்" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் மனசு பின்னால் போனது. நம்ம மதுரைப் பக்கம் கோடைக்கும் பாட்டுக்கும் பட்டறைக்கும் இருக்கிற உறவு நூறு வருஷத்துக் கதை. அதை உங்கள் எல்லோருக்குமே சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். அறுவடை முடிந்து களம் காலியாகி, கையில் நாலு காசு புழங்கும் நேரத்தில்தான் ஊர்ச் சாமிக்குத் திருவிழா வரும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். காப்புக் கட்டி, பொங்கல் வைத்து, முளைப்பாரி கரைத்த பிறகு, ராத்திரிக்கு நாடகம். பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'தான். அப்பத்தா ஒரு பாயும் சொம்புத் தண்ணியும் எடுத்துக்கொண்டு சாயங்காலமே போய் இடம் பிடித்துவிடும். 10 மணிக்கு ஆர்மோனியம் பேச ஆரம்பிக்கும். பபூன் வந்து சிரிக்க வைப்பார். நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது நான் தூங்கிப் போவேன். முருகன் மாலை மாற்றும் நேரத்தில் அப்பத்தா என்னைத் தட்டி எழுப்பும், கிழக்கே வெளுத்திருக்கும்.

ஆசிரியர் வேலைக்கு வந்த புதிதில், ஒரு திருவிழாவில் மேடைக்குப் பின்னால் போய் ராஜபார்ட்டிடம் கேட்டேன்: "இவ்வளவு சுத்தமா வருதே, எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீங்க?" அவர் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஒத்திகையா? வள்ளியா நடிக்கிற அம்மாவை நான் இன்னைக்குச் சாயங்காலம்தான் சார் பார்த்தேன்."

அவர் சொன்னது உண்மை. இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். இதில் நிரந்தரக் குழு கிடையாது. ஊர்க்காரர்கள் நாடக ஏஜெண்டைப் பார்த்து, ராஜபார்ட் இவர், ஸ்திரீபார்ட் இவர், பபூன் இவர், ஆர்மோனியம் இவர் என்று தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுப்பார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வருவார், இன்னொருவர் புதுக்கோட்டையிலிருந்து, மூன்றாமவர் திண்டுக்கல்லிலிருந்து. அவரவர் பஸ் பிடித்து வந்து இறங்கி, வேஷம் கட்டி, விடிய விடிய ஒரு முழு நாடகத்தைப் பாடி முடித்து, காலையில் அவரவர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள்.

முன்பின் தெரியாதவர்கள் இதை எப்படிச் செய்ய முடிகிறது? ஒத்திகை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்பதுதான் பதில். நூறு வருஷத்துக்கு முன்னால், இதே மதுரையில். நடத்தி வைத்தவர் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டு 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமதர்மன், சனீஸ்வரன் என்று பயமுறுத்தும் வேஷங்களாகவே கட்டினார். அவர் வேஷத்தைப் பார்த்து மிரண்டு போய் ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்றும், அந்த வருத்தத்தில்தான் நடிப்பை விட்டார் என்றும் நாடகக்காரர்கள் சொல்வார்கள். பிறகு எழுதுவதும் கற்றுக்கொடுப்பதுமே வாழ்க்கையாகிவிட்டது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அல்லி அர்ஜுனா என்று 40-க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார்.

1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்று ஒரு நாடக சபையைத் தொடங்கினார். முழுக்கச் சிறுவர்கள். பெரிய நடிகர்கள் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டுத் தோன்றியதைப் பேசினார்கள். சிறுவர்கள் என்றால் எழுதியது எழுதியபடி மனப்பாடமாகும். பின்னாளில் அவ்வை சண்முகம் என்று பெயர் எடுத்த டி.கே. சண்முகம், தன் அண்ணன்மாரோடு அந்தச் சபையில் சேரும்போது அவருக்கு வயது 6. அந்தப் பையனுக்காகவே ஒரே ராத்திரியில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாகச் சுவாமிகள் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் எல்லோரும் அறிந்த செய்தி.

கம்பெனி வீடு என்பது ஒரு குருகுலம். விடியுமுன் எழுந்து சாதகம், பிறகு பாடம், பாட்டு, ராத்திரி நாடகம். வெண்பா, விருத்தம், சிந்து, கும்மி, கீர்த்தனை, பார்சி நாடக மெட்டு எல்லாவற்றையும் சுவாமிகள் தம் பாட்டுக்குள் கொண்டுவந்தார். பாட்டிலும் வசனத்திலும் திருக்குறளைக் கோத்து வைத்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அப்பத்தா நாலைந்து குறள் சொல்லும். அது எங்கே படித்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

மைக் இல்லாத காலம் அது. ஆயிரம் பேர் கூடிய பொட்டலில் கடைசி ஆள் காதில் விழ வேண்டுமென்றால் உச்ச ஸ்தாயியில் பாடியாக வேண்டும். அதனால் தொண்டையை உயர்ந்த கட்டைக்கே பழக்கினார்கள். சுவாமிகளிடம் சின்ன வயதிலேயே பயின்ற செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் அப்படிப் பழகிய குரல். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடியாக நடித்தால் ஊரே திரளும். 1933-இல் 27 வயதில் கிட்டப்பா இறந்துபோனார்.

இந்தப் பட்டறையைப் பாராட்டி மட்டும் எழுதினால் நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. அந்தக் காலத்துக் கம்பெனிகளில் ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள் தாயைப் பிரிந்து ஊர் ஊராய்ப் போனார்கள். அடியும் பட்டினியும் பற்றிப் பின்னாளில் பல நடிகர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பதினான்கு பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை கதாநாயகனாக இருந்த பையனுக்கு வேஷம் இல்லை. மீனலோசனி சபையில் தொடங்கிய பி.யு. சின்னப்பாவுக்கும் அந்தச் சோதனை வந்தது. அவர் தாங்கி நின்று சினிமாவில் பெரிய ஆளானார். பெயர் தெரியாமல் போன பிள்ளைகள் எத்தனையோ.

சுவாமிகள் பக்கவாதத்தில் விழுந்து 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் காலமானார். ஆனால் அவர் பாட்டு, கம்பெனிகளை விட்டு வெளியே வந்தவர்கள் தொண்டையில் இருந்தது. அவர்களிடம் கேட்டுப் படித்தவர்களிடம் போனது; அச்சுப் புத்தகங்களிலும் பரவியது. எல்லோருக்கும் ஒரே பாடம் என்பதால் யாரும் யாரோடும் சேர்ந்து பாடலாம். ஸ்பெஷல் நாடகத்துக்கு அடித்தளம் இதுதான்.

பாடம் ஒன்று என்றாலும் பாடுகிறவர் அதற்குள் தன் சொந்தச் சரக்கைச் சேர்க்க இடம் இருந்தது. நம்ம திருமங்கலத்தில் வாழ்ந்த எஸ்.எஸ். விஸ்வநாத தாஸை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் வரும். அந்த இடத்தில் அவர் வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடுவார். எந்தக் கொக்கு என்று கூட்டத்துக்கும் தெரியும், ஓரமாய் நிற்கும் போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்று சொல்லிக் கூட நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டர் மேடையில், முருகனாக மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. சுதந்திரப் போராட்டப் பாடத்தை உங்களுக்கு நடத்தும்போது நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் இல்லை, நானும் விட்டுவிட்டேன்.

நான் விட்டது அது ஒன்று மட்டுமில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் கடைசி பெஞ்சில் தினமும் தூங்குவான். அப்பா நாடகத்துக்கு மிருதங்கம் வாசிப்பவர். சீசன் நேரத்தில் மகனையும் தாளம் போடக் கூட்டிக்கொண்டு போவார். ஒருநாள் எழுப்பி நிறுத்தி, எல்லோர் முன்னாலும், "கூத்தாடப் போறவனுக்கு எதுக்குடா பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. கோடை விடுமுறை முடிந்து அவன் திரும்பி வரவில்லை. உங்களில் சிலருக்கு அவனை ஞாபகம் இருக்கலாம்.

பல வருஷம் கழித்து, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சித்திரைத் திருவிழாவில் அவனைப் பார்த்தேன். ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு வள்ளியாக நடித்தது சின்னப் பெண், புதிது. நாரதரோடு தர்க்கம் சூடுபிடித்தபோது விருத்தத்தின் நடுவில் அவளுக்கு அடி மறந்துபோனது. ஒரு நொடிதான். அவன் பின்பாட்டுப் பாடுகிற மாதிரி அடுத்த அடியின் முதல் சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தான். அவள் பிடித்துக்கொண்டு மேலே போனாள். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி வீடுகள் மூடிப் பல காலமாகியும் அந்தப் பட்டறை எங்கே நடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

விடிந்ததும் அவனே என்னைப் பார்த்து ஓடிவந்தான். "சார், நீங்களா! டீ சாப்பிடுங்க சார்" என்று கூட்டிப் போனான். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அந்தப் பழைய வார்த்தைக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் வைகைக்கு வரவில்லை. ஊர்த் திருவிழாக்களும் இல்லை. வருஷத்துச் சம்பாத்தியத்தைக் கோடை மூன்று மாதத்தில் பார்க்கிறவர்களுக்கு இரண்டு கோடை போனால் என்ன மிஞ்சும்? அவன் அப்போது லாரியில் லோடு ஏற்றப் போனதாகக் கேள்விப்பட்டேன். 2022-இல் அழகர் மறுபடி ஆற்றில் இறங்கினார். அவனும் ஆர்மோனியத்துக்குத் திரும்பிவிட்டான் என்று சொன்னார்கள்.

போனில் கேட்ட மாணவிக்கு இப்போது சரியாகப் பதில் சொல்கிறேன். மகளைப் பத்து நாள் பட்டறையில் சேர்த்து விடும்மா, நல்லதுதான். அது முடிந்ததும் வைகாசியில் உங்கள் ஊர்ப் பக்கம் எங்கே நாடகம் என்று விசாரித்து, ஒரு ராத்திரி கூட்டிப் போ. பாய் எடுத்துக்கொள். தர்க்கம் நடக்கும்போது அவள் தூங்கினால் எழுப்பிவிடு. ஆர்மோனியக்காரர் வாயைக் கவனிக்கச் சொல்.

உறவுகளே, உங்கள் ஊர் மேடையில் பாடிய ராஜபார்ட், ஸ்திரீபார்ட், ஆர்மோனியக்காரர்களை நினைவிருந்தால் எழுதுங்கள். அந்தப் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கடைசி பெஞ்சுத் தம்பி, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டினால் சொல்கிறேன்: அன்றைக்கு வகுப்பில் நான் பேசியது தப்பு. டீக்கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.