முழுச்சட்டகச் செந்தர சூம் வில்லை

முழுச்சட்டகச் செந்தர சூம் வில்லை என்பது, 36 × 24 மில்லிமீட்டர் அளவுள்ள உணரியைக் கொண்ட ஒளிப்படக்கருவிகளில், அகலமான காட்சி முதல் ஓரளவு தொலைவிலுள்ள காட்சி வரை ஒரே வில்லையைக் கொண்டு படமெடுக்க உதவும் வில்லை வகையாகும். இதன் குவியத்தூரம் பொதுவாக 24 மி.மீ. அளவில் தொடங்கி 70, 105 அல்லது 120 மி.மீ. வரை மாறக்கூடியது. ஆடியற்ற ஒளிப்படக்கருவி வாங்குவோர் பெரும்பாலும் முதலில் வாங்கும் வில்லை இதுவே. இவ்வகை வில்லையின் தரத்தைப் படத்தின் கூர்மையை மட்டும் கொண்டு மதிப்பிட இயலாது. எந்த ஒளியில், எந்தத் தொலைவில், எத்தகைய தட்பவெப்பத்தில் அது பயன்படப்போகிறது என்பதும் மதிப்பீட்டின் பகுதியாகும். இக்கட்டுரை அத்தகைய மதிப்பீட்டைத் தாம்பரத்தையும் சென்னையின் தென் புறநகர்ப் பகுதிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பெயரும் வரையறையும்

முழுச்சட்டகம் என்பது 35 மி.மீ. படச்சுருளில் பதிவான படத்தின் அளவைக் குறிக்கும். இதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ. ஆகும். மூலைவிட்டத்துக்கு நெருக்கமான குவியத்தூரம் கொண்ட வில்லை செந்தர வில்லை எனப்படும். நடைமுறையில் 50 மி.மீ. வில்லையே செந்தரமாகக் கொள்ளப்படுகிறது. இந்த அளவைத் தன் எல்லைக்குள் அடக்கியிருக்கும் சூம் வில்லை, செந்தர சூம் வில்லை எனப் பெயர் பெற்றது.

குவியத்தூரம் கூடும்போது பார்வைக்கோணம் குறையும். முழுச்சட்டகத்தில் மூலைவிட்டப் பார்வைக்கோணம் 24 மி.மீ. அளவில் ஏறத்தாழ 84 பாகையாகவும், 50 மி.மீ. அளவில் 47 பாகையாகவும், 105 மி.மீ. அளவில் 23 பாகையாகவும் அமையும். மூன்று மீட்டர் தொலைவில் நின்று படமெடுத்தால், 24 மி.மீ. அளவில் நான்கரை மீட்டர் அகலமுள்ள காட்சி அடங்கும். அதே இடத்திலிருந்து 105 மி.மீ. அளவில் ஒரு மீட்டர் அகலமே அடங்கும்.

வரலாறு

நிழற்படக் கருவிகளுக்காக விற்பனைக்கு வந்த முதல் சூம் வில்லைகளுள் புகழ்பெற்றது, 1959 ஆம் ஆண்டில் வெளியான ஃபோக்ட்லாண்டர் சூமார் ஆகும். இதன் குவியத்தூரம் 36 முதல் 82 மி.மீ. வரை மாறியது, பெருமத் துவாரம் எஃப்/2.8 ஆக இருந்தது. இதனை வடிவமைத்தவர் ஃபிராங்க் பேக். தொடக்ககாலச் சூம் வில்லைகள் எடை மிகுந்தவையாகவும், நிலைத்த குவியத்தூர வில்லைகளைவிடக் கூர்மை குறைந்தவையாகவும் இருந்தன. கணினி வழி வடிவமைப்பு, கோளமல்லா வில்லைகள், பலபடிப் பூச்சுகள் ஆகியன வந்தபின் இவ்வேறுபாடு பெரிதும் குறைந்தது.

2013 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் ஆல்ஃபா 7 வரிசையை அறிமுகப்படுத்தியது. 2018 இல் நிக்கான் நிறுவனம் இசட் வரிசையையும் கேனான் நிறுவனம் ஆர் வரிசையையும் வெளியிட்டன. இதன்பின் முழுச்சட்டக வில்லைகளின் வளர்ச்சி ஆடியற்ற கருவிகளைச் சார்ந்ததாக மாறியது.

ஆடியற்ற கருவிகளில் ஏற்பட்ட மாற்றங்கள்

எதிரொளிப்பு ஆடி உள்ள கருவிகளில் வில்லைக்கும் உணரிக்கும் இடையே ஆடி அசைவதற்கு இடம் விட வேண்டும். இதனால் வில்லைப் பொருத்தியிலிருந்து உணரி வரையான தொலைவு கேனான் இஎஃப் அமைப்பில் 44 மி.மீ., நிக்கான் எஃப் அமைப்பில் 46.5 மி.மீ. ஆக இருந்தது. ஆடி நீங்கியபின் இத்தொலைவு சோனி இ அமைப்பில் 18 மி.மீ., கேனான் ஆர்எஃப் அமைப்பில் 20 மி.மீ., நிக்கான் இசட் அமைப்பில் 16 மி.மீ. எனக் குறைந்தது. பின்புற வில்லைக் கூறுகளை உணரிக்கு அருகில் வைக்க முடிந்ததால், அகலக் கோணப் பகுதியை வடிவமைப்பது எளிதாயிற்று.

மற்றொரு மாற்றம் மென்பொருள் திருத்தமாகும். நேர்கோடுகளை வளைத்துக் காட்டும் உருத்திரிபையும், படத்தின் மூலைகள் கருத்துத் தோன்றும் ஓர இருளலையும் கருவியே கணக்கிட்டுத் திருத்துகிறது. மின்னணுக் காட்சிகாட்டியில் திருத்தப்பட்ட படமே தெரிவதால், பயனர் இக்குறைகளைக் காண்பதில்லை. வில்லைகளைச் சிறிதாகவும் மலிவாகவும் செய்ய இது உதவுகிறது. ஆனால் திருத்தத்தின்போது மூலைப் பகுதிகள் இழுத்து விரிக்கப்படுவதால், அங்கு நுண்விவரம் ஓரளவு குறையும். எனவே ஒரு வில்லையைச் சோதிக்கும்போது திருத்தப்பட்ட படத்தையும் திருத்தப்படாத மூலக் கோப்பையும் ஒப்பிட வேண்டும்.

சில வில்லைகளின் அளவைகள்

எஃப்/4 நிலையான துவாரம் கொண்ட நான்கு வில்லைகள் கீழே தரப்பட்டுள்ளன. நான்கும் 77 மி.மீ. வடிகட்டியை ஏற்பவை.

* சோனி எஃப்இ 24-105 மி.மீ. (2017): எடை 663 கிராம், மீக்குறை குவியத் தொலைவு 0.38 மீட்டர், பெரும உருப்பெருக்கம் 0.31 மடங்கு.
* கேனான் ஆர்எஃப் 24-105 மி.மீ. எல் (2018): எடை 700 கிராம்; தொலைவு 0.45 மீட்டர், உருப்பெருக்கம் 0.24 மடங்கு.
* பானசோனிக் லுமிக்ஸ் எஸ் 24-105 மி.மீ. (2019): எடை 680 கிராம், தொலைவு 0.30 மீட்டர், உருப்பெருக்கம் 0.5 மடங்கு.
* நிக்கான் இசட் 24-120 மி.மீ. எஸ் (2021): எடை 630 கிராம், தொலைவு 0.35 மீட்டர், உருப்பெருக்கம் 0.39 மடங்கு.

உருப்பெருக்க எண் பலராலும் கவனிக்கப்படாத ஒன்று. 0.24 மடங்கு உள்ள வில்லை, மிக அருகில் 15 செ.மீ. அகலமுள்ள பரப்பைச் சட்டகத்தில் நிரப்பும். 0.5 மடங்கு உள்ள வில்லை 7.2 செ.மீ. அகலப் பரப்பையே நிரப்பும். வண்ணத்துப்பூச்சி, மோதிரம், பழங்காசு போன்றவற்றைப் படமெடுப்போருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

துவாரத் தேர்வு

செந்தர சூம் வில்லைகளில் எஃப்/2.8, எஃப்/4 ஆகிய நிலையான துவார வகைகள் பரவலாக உள்ளன. எஃப்/2.8 துவாரம் எஃப்/4 துவாரத்தைப்போல் இரு மடங்கு ஒளியை உட்செலுத்தும். ஓர் அரங்கில் எஃப்/4, 1/125 நொடி, ஐஎஸ்ஓ 3200 எனப் படமெடுக்க நேர்ந்தால், எஃப்/2.8 வில்லையைக் கொண்டு அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 1600 போதுமானது. எஃப்/2.8 வில்லைகள் பெரும்பாலும் 70 அல்லது 75 மி.மீ. அளவோடு நின்றுவிடும், விலையும் பொதுவாகக் கூடுதல். எஃப்/4 வில்லை ஒளியில் இழப்பதைத் தொலைவு எல்லையில் ஈடுசெய்கிறது.

அதிர்வு ஈடுசெய்யும் அமைப்பு கையின் நடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும். அசையாத சிற்பத்தை எஃப்/4 துவாரத்தில் 1/10 நொடியிலும் தெளிவாக எடுக்கலாம். நடமாடும் மனிதரை அவ்வாறு எடுக்க முடியாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வில்லைத் தேர்வில் நிகழும் பொதுவான பிழையாகும்.

மதிப்பிடும் முறை

ஆய்வகக் கருவிகள் இல்லாமலும் ஒரு வில்லையைச் சோதிக்கலாம்.

* மையப் பிறழ்வு: ஒரு நாளிதழின் விரித்த பக்கங்களைத் தட்டையான சுவரில் ஒட்டி, கருவியை முக்காலியில் சுவருக்கு இணையாக நிறுத்திப் பெருமத் துவாரத்தில் படமெடுக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் எழுத்துகள் ஒரே அளவு தெளிவாக இருத்தல் வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால், முதலில் கருவியின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். அதன்பின்னும் மங்கினால், வில்லைக் கூறு ஒன்று இடம் பிசகியிருக்கக்கூடும். இது அந்த ஒரு வில்லையின் குறையே. அவ்வகை முழுவதன் குறையன்று.
* உருத்திரிபு: தூண் வரிசை அல்லது செங்கற் சுவரை 24 மி.மீ. அளவில் எடுத்துக் கோடுகள் வளைகின்றனவா எனப் பார்க்கலாம். கருவியை அண்ணாந்து பிடிக்கும்போது கட்டடம் பின்னோக்கிச் சாய்வதுபோல் தோன்றுவது உருத்திரிபு அன்று. அது நோக்குநிலையின் விளைவு.
* கோமாப் பிறழ்ச்சி: இரவில் தெருவிளக்குகளைப் படத்தின் மூலையில் வைத்து எடுக்க வேண்டும். விளக்கு, சிறகு விரித்த வடிவில் தோன்றினால் பிறழ்ச்சி உள்ளது. கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையின் விளக்கு வரிசை இச்சோதனைக்கு ஏற்றது.
* கூச்சொளி: மாலைச் சூரியனைச் சட்டகத்தின் ஓரத்தில் வைத்து, படத்தின் கருமை வெளிறுகிறதா எனக் காணலாம்.
* துவாரச் சுருக்கம்: எஃப்/4 முதல் எஃப்/16 வரை ஒரே காட்சியை எடுத்து ஒப்பிடலாம். எஃப்/16 அளவில் ஒளியின் விளிம்பு விளைவால் எந்த வில்லையும் சற்றுக் கூர்மை இழக்கும்.

தென் புறநகர்ப் பகுதிகளில் பயன்பாடு

தாம்பரம் மாநகராட்சி 2021 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. இதனுள்ளும் இதனைச் சுற்றியும் ஏரிகள், குன்றுகள், பழங்கோயில்கள், திருமண மண்டபங்கள், தொடர்வண்டி நிலையங்கள் ஆகியன நெருக்கமாக அமைந்துள்ளன. ஒரே நாளில் பலவகைக் காட்சிகளை எடுக்க நேர்வதால், இப்பகுதி செந்தர சூம் வில்லையின் திறனையும் வரம்பையும் ஒருங்கே காட்டுகிறது.

பல்லாவரம் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று உள்ளது. அது இன்று தர்காவாக விளங்குவதால் அனுமதி பெற்றே படமெடுக்க வேண்டும். குடைவரைகளில் பின்னால் நகர இடமில்லை, ஒளியும் குறைவு. இங்கு 24 மி.மீ. அளவும் அதிர்வு ஈடுசெய்தலும் பயன்படும். திரிசூலம் திரிசூலநாதர் கோயில் சோழர் காலத்தது. அதன் தூங்கானைமாட விமானத்தின் வளைவை முழுமையாகக் காட்ட அகலக் கோணமும், சிற்பங்களைத் தனித்துக் காட்ட 70 முதல் 105 மி.மீ. வரையான அளவும் தேவைப்படும்.

திருமண ஒளிப்படத் தொழிலில் இவ்வில்லையின் பயன் தெளிவாகப் புலப்படும். தாலி கட்டும் நிகழ்வு சில நொடிகளில் முடிந்துவிடும். அதனை மீண்டும் நிகழ்த்த முடியாது. மணமேடையைச் சுற்றிக் கூட்டம் நெருங்கும்போது வில்லை மாற்ற நேரமிருக்காது. கூடியிருப்போரை 24 மி.மீ. அளவிலும் முடிச்சிடும் கைகளை 105 மி.மீ. அளவிலும் அடுத்தடுத்து எடுக்க இயலுவதே சூம் வில்லையின் முதன்மைத் தகுதி. அரங்க ஒளி குறைவாக இருப்பின் எஃப்/2.8 வில்லையோ கூடுதல் விளக்கோ தேவைப்படும்.

1985 இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில், விலங்குகள் அருகில் உள்ள அடைப்புகளில் மட்டும் இவ்வில்லை பயன்படும். அனுமதிக்கப்பட்ட இடத்தில் கம்பிவலைக்கு நெருக்கமாக நின்று 105 மி.மீ., எஃப்/4 எனப் படமெடுத்தால் வலை பெரும்பாலும் மங்கி மறைந்துவிடும்.

வரம்புகள்

2022 இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இவ்வில்லையின் வரம்பை உணர்த்துகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள சங்குவளை நாரை 50 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். 105 மி.மீ. அளவில் அதன் உருவம் உணரியில் 2.1 மி.மீ. உயரமே இருக்கும். இது சட்டக உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 400 மி.மீ. வில்லையில் அது 8 மி.மீ., அதாவது மூன்றில் ஒரு பங்காகும். பறவைகளை அடையாளங்காணும் படங்களுக்குத் தொலைநோக்கு வில்லையே வேண்டும். சதுப்புநிலத்தின் பரப்பையும் அதனை நெருங்கி எழுந்துள்ள கட்டடங்களையும் ஒரே படத்தில் ஆவணப்படுத்தச் செந்தர சூம் வில்லை பொருத்தமானது.

தட்பவெப்பமும் பாதுகாப்பும்

கடலோரப் பகுதியாதலால் இங்குக் காற்றில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் மிகுந்திருக்கும். ஈரமான இருட்டுப் பையில் நெடுநாள் வைக்கப்பட்ட வில்லையினுள் பூஞ்சை வளரும். பூஞ்சை வெளியிடும் அமிலம் வில்லையின் பூச்சை அரித்துவிடுவதால், தூய்மை செய்தபின்னும் தழும்பு எஞ்சலாம். குழல் நீண்டு சுருங்கும் சூம் வில்லைகள் ஒவ்வோர் அசைவிலும் வெளிக்காற்றை உள்ளிழுக்கும். ஆகவே 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் பேணும் ஈரநீக்கப் பெட்டியில் வைப்பது நல்லது. காற்றுப்புகா நெகிழிப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் செலவு குறைந்த மாற்றாகும். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

வெளியில் வெப்பநிலை 32 பாகை செல்சியசும் ஈரப்பதம் 70 விழுக்காடும் இருந்தால், பனிநிலை ஏறத்தாழ 26 பாகையாகும். 23 பாகையில் குளிரூட்டப்பட்ட மண்டபத்திலிருந்து வெளியே கொண்டுவரப்படும் வில்லைமீது உடனே நீர்த்துளிகள் படியும். மூடிய பையிலேயே சிறிது நேரம் வைத்து, வில்லை வெளி வெப்பநிலையை அடைந்தபின் எடுத்தால் இதனைத் தவிர்க்கலாம்.

ஈரத் தடுப்பு உள்ளது எனக் குறிக்கப்பட்ட வில்லைகள் தூறலைத் தாங்கும். நீரில் மூழ்குவதைத் தாங்கா. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவாகி, முடிச்சூர் உள்ளிட்ட அடையாற்றுப் படுகைப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய தாழ்வான பகுதிகளில் மழைக்காலத்தில் கருவிகளை உயரமான இடத்தில் வைத்தல் நலம்.

பயன்படுத்திய வில்லையை வாங்குதல்

மாணவர்களும் புதிதாகத் தொழில் தொடங்குவோரும் பலநேரங்களில் பயன்படுத்திய வில்லைகளையே வாங்குகின்றனர். அவ்வாறு வாங்குமுன் இரு மூடிகளையும் கழற்றி, பின்புறமிருந்து கைவிளக்கின் ஒளியைச் செலுத்திச் சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சையாகும். சில தூசித் துகள்கள் படத்தைப் பாதிப்பதில்லை. மின்தொடுமுனைகளில் பசுமை படிந்திருத்தல், கீழ்நோக்கிப் பிடிக்கும்போது குழல் தானே நீளுதல், தானியங்கு குவியம் தடுமாறுதல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். பூஞ்சையற்ற பழைய வில்லை ஒன்று, பூஞ்சை படிந்த விலையுயர்ந்த வில்லையைவிட மேலானது.

இவற்றையும் பார்க்க

* ஒளிப்படவியல்
* குவியத்தூரம்
* நிறப்பிறழ்ச்சி
* தாம்பரம்
* பள்ளிக்கரணை சதுப்புநிலம்