எந்த உயிர் மூழ்குகிறது? தென்பெருங்கடலின் இரண்டு இரும்புச் சோதனைகள்

கடலில் இரும்பைக் கரைத்து விட்டுக் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குறைக்க முடியுமா என்ற விவாதம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. ஆதரிப்போரும் எதிர்ப்போரும் பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்: இரும்பு விழுந்தபின் கடல் எவ்வளவு பச்சையாகிறது? இந்த அளவுகோலே போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். எது வளர்கிறது, அதை எது தின்கிறது என்ற இரண்டு கேள்விகளே கார்பனின் கதியைத் தீர்மானிக்கின்றன. கடலியலாளர் விக்டர் ஸ்மெட்டாசெக் முன்னின்று நடத்திய 2004ஆம் ஆண்டின் ஐஃபெக்ஸ், 2009ஆம் ஆண்டின் லோஹாஃபெக்ஸ் ஆகிய இரு சோதனைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் அளவுகள். கடலில் கரைந்துள்ள கார்பன் ஏறத்தாழ 38 லட்சம் கோடி டன். வளிமண்டலத்தில் இருப்பதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியைச் செய்யும் தாவர மிதவை உயிரிகளின் மொத்த எடையோ, நிலத் தாவரங்களின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவை சில நாட்களே வாழ்கின்றன. பெரும்பாலானவை வெயில்படும் மேல்நீரிலேயே தின்னப்பட்டு, அவற்றின் கார்பன் மீண்டும் நீரில் கரைகிறது. எஞ்சிய சிறு பங்குதான் ஆழத்துக்கு இறங்குகிறது. அந்தச் சிறு பங்கே ஆண்டுக்கு 500 கோடி டன் முதல் 1,200 கோடி டன் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். மனிதர் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் கார்பனே ஏறத்தாழ 1,000 கோடி டன்தான். அதோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு நம் அறிவில் ஓர் ஓட்டை இருக்கிறது.

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாக இருந்தும் மிதவை உயிரிகள் ஏன் அடர்ந்து வளரவில்லை என்பது நெடுநாள் புதிர். இரும்புப் பற்றாக்குறையே காரணம் என்று அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1980களின் பிற்பகுதியில் வாதிட்டார். அங்கே ஒரு டன் நீரில் கரைந்திருக்கும் இரும்பு, ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்களவுதான். பனியூழிக் காலத்தில் காற்று சுமந்து வந்த தூசியோடு இரும்பும் கூடுதலாக விழுந்தது, அதனால் வளிமண்டலக் கரியமில வாயு குறைந்தது என்றும் அவர் கருதினார். கடலிலேயே அதைச் சோதித்துப் பார்க்கும் முதல் முயற்சி 1993 அக்டோபரில் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே நடந்தது. சில மாதங்களுக்கு முன்பே மார்ட்டின் காலமாகிவிட்டார். அதன்பின் நடந்த சோதனைகள் இரும்பு விழுந்தால் வளர்ச்சி பெருகும் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. வளர்ந்தது எங்கே போகிறது என்பதைத்தான் பெரும்பாலானவற்றால் காட்ட முடியவில்லை. சில வாரங்களில் கப்பல் திரும்பிவிடும். உரமிட்ட நீரும் நீரோட்டத்தில் கலைந்துபோகும்.

ஸ்மெட்டாசெக்கின் கேள்வி இங்கிருந்துதான் வேறு திசையில் போகிறது. இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியில் வளர்ந்து, ஜெர்மனியில் கடலியல் பயின்று, ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர். மூழ்குதல் என்பது டயட்டம்கள் என்ற தாவர மிதவை உயிரிகளின் வாழ்க்கைச் சுழற்சியிலேயே அடங்கிய ஒரு கட்டம் என்று 1985இலேயே எழுதினார். பெரும்பாலோர் பச்சையத்தின் அளவைப் பார்த்த இடத்தில் அவர் உயிரணுவின் உடலமைப்பைப் பார்த்தார். டயட்டத்தின் உடலைச் சூழ்ந்திருப்பது சிலிக்காவால் ஆன ஓடு. அதாவது கண்ணாடிப் பெட்டி. அவரும் சக ஆய்வாளர்களும் நுண்ணிய கண்ணாடி ஊசிகளால் இந்த ஓடுகளை அழுத்தி, எப்போது நொறுங்குகின்றன என்று அளந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில ஓடுகள் சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கான டன் என்ற கணக்கில் அழுத்தம் தாங்கின. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு இவ்வளவு உறுதியான கோட்டை எதற்கு? தின்ன வரும் வாயைத் தடுக்கத்தான். பரிணாமத்தின் இந்தப் பற்களும் கவசமும் கார்பன் கணக்கில் சேராமல் விடப்பட்டதே பெரும் குறை.

ஐஃபெக்ஸ் சோதனைக்குத் தென் அட்லாண்டிக்கின் துருவ எல்லையை ஒட்டிய, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் அகல நீர்ச்சுழல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தேர்வுதான் அச்சோதனையின் உயிர்நாடி. சுழலுக்குள் மேல்நீரும் அடிநீரும் ஒன்றாகச் சுற்றுவதால், மேலே வளர்ந்தது கீழே இறங்குவதை அதே நீர்த்தூணில் தொடர்ந்து பார்க்க முடிந்தது. அமிலம் கலந்த கடல்நீரில் கரைத்த இரும்பு சல்பேட்டைக் குழாய்வழியே கப்பலின் பின்னால் விட்டபடி போலார்ஸ்டெர்ன் ஆய்வுக் கப்பல் வட்டமிட்டது. டயட்டம்கள் பெருகின. கீட்டோசெரோஸ் டைக்கீட்டா என்ற இனம் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு வளர்வது. அதன் நீண்ட முட்கள் உடலைவிடப் பன்மடங்கு நீளம். நான்காம் வாரத்துக்குப்பின் இந்தச் சங்கிலிகள் செத்து, முள்ளோடு முள் சிக்கி, பஞ்சுத் திரள்களாகி வேகமாக இறங்கின. வளர்ந்த உயிர்ப்பொருளில் பாதிக்குக் குறையாமல் 1,000 மீட்டருக்குக் கீழே போனது என்ற முடிவு 2012இல் வெளியானது.

லோஹாஃபெக்ஸ் இந்திய–ஜெர்மன் கூட்டு முயற்சி. ‘லோஹா’ என்றால் இந்தியில் இரும்பு. கோவாவின் தேசிய கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வாஜிஹ் நக்வி இணைத் தலைமை வகித்தார். 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரு தவணைகளாக ஏறத்தாழ 20 டன் இரும்பு சல்பேட் கரைக்கப்பட்டது. மிதவை உயிரிகள் பெருகின. ஆனால் டயட்டம்கள் தலைதூக்கவில்லை. அந்த நீரில் சிலிக்கா ஏற்கெனவே தீர்ந்திருந்தது. ஓடில்லாத மென்மையான நுண்ணுயிர்களே வளர்ந்தன. அவற்றைக் கோப்பிபாடுகள் என்ற சிறு ஓட்டுடலிகள் தின்றன. கோப்பிபாடுகளை அவற்றைவிடப் பெரிய ஓட்டுடலிகளான ஆம்பிபாடுகள் வேட்டையாடின. ஆழத்துக்குப் போன கார்பன், உரமிடாத பக்கத்து நீரில் இறங்கியதைவிடக் குறிப்பிடும்படி அதிகமில்லை.

இதைச் செய்தித்தாள்கள் தோல்வி என்று எழுதின. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஒரே கப்பல், ஒரே பெருங்கடல், ஒரே இரும்பு உப்பு. சிலிக்கா இருந்த நீரில் கார்பன் மூழ்கியது, இல்லாத நீரில் மேலேயே சுழன்றது. அறிவியலில் இதைவிடத் தெளிவான ஒப்பீடு அரிது. உண்மையில் இது திட்டமிட்டுப் பெற்ற ஒப்பீடும் அல்ல. அதனாலேயே அதை நான் கூடுதலாக மதிக்கிறேன். மிதவை உயிரிகளை ஒரே பச்சைக் குழம்பாகப் பாவிக்கும் எந்தக் கணினி மாதிரியும் இந்த வேறுபாட்டை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

ஐஃபெக்ஸின் முடிவை அப்படியே கடல் முழுவதற்கும் பெருக்குவதும் பிழை. மூடிய சுழலில் நடந்தது திறந்த நீரில் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. தெற்கே உரமிட்டுத் தீர்த்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வடக்கே வேறு கடல்களுக்குப் போக வேண்டியவை. அங்கே விளைச்சல் குறையலாம். ஆழத்தில் மட்கும் உயிர்ப்பொருள் ஆக்சிஜனைத் தின்னும். ஆகவே இரும்பு தூவிக் கார்பன் வரவு வைத்து விற்கும் வணிகத்தைத் தடுப்பது முற்றிலும் சரி.

ஆனால் வணிகத்துக்கு இட்ட தடை ஆய்வையும் சேர்த்து முடக்கியது. 2008 மே மாதம் பான் நகரில் கூடிய பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள், கடலோர நீரில் செய்யும் சிற்றளவு ஆய்வுகளுக்கு மட்டும் அத்தடையிலிருந்து விலக்களித்தன. கரையோர நீரில் இரும்புக்குப் பொதுவாகப் பஞ்சமில்லை. பஞ்சமில்லாத இடத்தில் உரமிட்டு எதைக் கண்டறிவது? 2009 ஜனவரியில் கப்பல் கடலில் இருக்கும்போதே எதிர்ப்பின் காரணமாக ஜெர்மன் அரசு லோஹாஃபெக்ஸை நிறுத்திவைத்து, மறு ஆய்வுக்குப் பின்னரே அனுமதித்தது. 2012இல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் தனியார் முயற்சியாக 100 டன்னளவு இரும்பு சல்பேட் கொட்டப்பட்டபோது, முறையான ஆய்வின் பெயரும் சேர்ந்து கெட்டது.

எதிர்ப்போரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தென்பெருங்கடலின் இரும்புக் கணக்கில் மனிதர் ஏற்கெனவே கைவைத்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் தென்கோளத்தில் மட்டும் ஏறத்தாழ இருபது லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அவற்றின் கழிவிலுள்ள இரும்பு, சுற்றியுள்ள நீரிலிருப்பதைவிடக் கோடி மடங்கு செறிவானது என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தின்னும் திமிங்கலங்கள் குறைந்தால் அவற்றின் இரையான, இறால்போன்ற கிரில் பெருக வேண்டும். தென் அட்லாண்டிக் பகுதியில் அது குறைந்தது. இரும்பைச் சுற்றிவிட்ட உயிர்களையே அழித்ததால் கிரிலின் உணவும் குறைந்தது என்பது ஸ்மெட்டாசெக் முன்வைத்த விளக்கம். எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டதில்லை. சோதிக்கத் தகுந்த கருத்து; சோதிக்கும் இடம் கடல்தான்.

எனவே, பொது நிதியில், பல நாடுகளின் கண்காணிப்பில், சிலிக்கா மிகுந்த நீர்ச்சுழல் ஒன்றிலும் குறைந்த சுழல் ஒன்றிலும், பருவம் முழுவதும் நீடிக்கும் இணைச் சோதனை ஒன்றை இந்தியக் கடலியலாளர்கள் முன்மொழிய வேண்டும். லோஹாஃபெக்ஸில் பாதிப் பங்கு நமதாக இருந்தது. 2009 மார்ச் 17 அன்று போலார்ஸ்டெர்ன் சிலியின் புந்தா அரெனாஸ் துறைமுகத்தை அடைந்தபின், தென்பெருங்கடலில் அத்தகைய ஓர் ஆய்வு நடக்கவே இல்லை.