ராப் பாடலில் இயைபு: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கில யாப்பில் இயைபு என்பது பெரும்பாலும் அடியின் இறுதியில் நிற்பது. அழுத்தம் பெறும் கடைசி உயிரும் அதன்பின் வரும் ஒலிகள் அனைத்தும் ஒத்திருந்தாலன்றி அதனை முழு இயைபென ஒப்புவதில்லை. வரையறை கடுமையானது, அம்மொழியின் சொல்வளமோ இவ்வகையில் வறியது. 'லவ்' என்னும் சொல்லுக்குப் புறாவைக் குறிக்கும் 'டவ்', கையுறையைக் குறிக்கும் 'க்ளவ்' என விரல்விட்டு எண்ணத்தக்க சொற்களே துணை. தம் காப்பியத்திற்கு 1668இல் எழுதிச் சேர்த்த குறிப்பிலேயே மில்டன் இயைபைத் தளையென ஒதுக்கினார். இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர் பலர் அதனை அறவே துறந்தனர். ஏட்டுக்கவிதை இவ்வாறு நெகிழவிட்ட உறுப்பை நியூயார்க் நகரத்தின் வறிய பகுதியொன்றில் கறுப்பின இளைஞர் கையிலெடுத்தனர்.

1973 ஆகஸ்டு 11 அன்று, பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில், கூல் ஹெர்க் எனப்பட்ட கிளைவ் கேம்ப்பெல் தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஒரே தட்டின் இரு படிகளை மாறிமாறி ஓடவிட்டுத் தாளப்பகுதியை மட்டும் நீட்டுவது அவர் வளர்த்த உத்தி. நீண்ட அத்தாளத்தின்மேல் ஆடுவோரை ஊக்க எழுந்த கூவல்களே மெல்ல அடிகளாயின. 1979இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'ராப்பர்ஸ் டிலைட்' பாடலில் ஈரடிக்கோர் இயைபு. அதுவும் பெரும்பாலும் நான்காம் தட்டில் விழும். 1982இல் வந்த 'தி மெசேஜ்' சேரி வாழ்வின் துயரைப் பொருளாக்கியது. பொருள் மாறியதேயன்றி வடிவம் பெரிதும் மாறவில்லை.

மாற்றம் 1987இல் 'பெய்ட் இன் ஃபுல்' தொகுப்பில் வெளிப்படையாயிற்று. அதன் பாவலர் ராகிம் சாக்சபோன் பயின்றவர். ஜான் கோல்ட்ரேனின் இசையில் தோய்ந்தவர். தொடர் அடியெல்லை தாண்டி ஓட, இயைபு அடியின் நடுவிலும் வந்து விழுந்தது. ஓரடிக்குள் பல இயைபு வேண்டுமெனின் முழு இயைபு போதாது. சாய்வு இயைபு இன்றியமையாததாயிற்று.

சாய்வு இயைபாவது உயிர் ஒத்து மெய் வேறுபடுவது அல்லது மெய் ஒத்து உயிர் வேறுபடுவது. 'டைம்', 'லைன்' என்பன முதல்வகை. ஈற்றில் நிற்கும் இரண்டும் மெல்லினம் என்பதை நம்மவர் உடனே காண்பர். அமிதசாகரர் காரிகையில் இன எதுகைக்கும் உயிரெதுகைக்கும் இடமளித்தது நினைவுக்கு வருகிறது. நம் எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்பது என்பதை மறத்தலாகாது; எனினும் செவி ஒப்புவதை இலக்கணமும் ஒப்பிற்று. ஆங்கிலத்தில் நிலை வேறு. எமிலி டிக்கின்சன் சாய்வு இயைபை விரும்பி ஆண்டவர். அவர் மறைந்தபின் 1890இல் பாடல்களைப் பதிப்பித்தோர் அதைக் குறையெனக் கருதிச் சில இடங்களில் சொற்களையே மாற்றினர். இச்செயலை இன்றும் எளிதில் மன்னிக்க இயலவில்லை.

ராப் பாடலுக்கும் அதே குற்றம் சாட்டப்பெற்றது. ஆனால் சாட்டியவர் அச்சுப்பக்கத்தை நோக்கினரேயன்றிச் செவி கொடுத்தாரில்லை. கறுப்பின மக்களின் பேச்சாங்கிலத்தில் 'கோல்ட்' என்பதன் ஈற்றுமெய் தேய்ந்து 'கோல்' என நிற்பதுண்டு. 'மோர்' என்பது 'மோ' என்றாகிக் 'கோ' என்பதனோடு முழுமையாகவே இயையும். 'பென்', 'பின்' இரண்டும் ஒன்றாய் ஒலிக்கும். ஏட்டில் சாய்வாய்த் தோன்றுவது நாவில் நேராய் நிற்கிறது. எவருடைய உச்சரிப்பை அளவுகோலாகக் கொள்வது என்பதே ஈண்டு எழும் வினா. அகராதியின் உச்சரிப்பைக் கொண்டு பிறிதொரு வழக்கில் பாடியவனுக்கு மதிப்பெண் குறைப்பது முறையன்று.

பல்லசை இயைபின் கதை சுவையானது. பைரன் 'டான் ஜுவான்' காவியத்தில் அதை நகைச்சுவைக்கே பெரிதும் கையாண்டார். இரண்டு மூன்று அசை இயைந்தாலே ஆங்கிலச் செவிக்கு அது விளையாட்டு. 1980களின் இறுதியில் கூல் ஜி ராப், பிக் டாடி கேன் ஆகியோர் அதனை வீறுமிக்க பாடலுக்கும் உரியதாக்கினர். 'ஸ்லோ மோஷன்', 'கோல்ட் ஓஷன்' எனும் இணைகளை உரக்கச் சொல்லிப் பார்க்க. முழுமையாய் ஒத்த சொல் ஒவ்வோரிடத்திலும் இல்லை. ஆயினும் ஓகாரம் இரண்டு, அடுத்து ஒரு குற்றுயிர் என்னும் வரிசை பிறழவில்லை. பறையொலிக்கு மேலெழுந்து நிற்பது உயிரே. மெய் அதன் வேகத்தில் கரைகிறது. ஆதலின் நீண்ட இயைபுக்குச் சாய்வே வழி திறந்தது.

'ஆரஞ்ச்' என்னும் சொல்லுக்கு இயைபில்லை என்பது ஆங்கிலேயர் வழக்குரை. 2010இல் தொலைக்காட்சி நேர்காணலொன்றில் டெட்ராய்ட் நகரில் வளர்ந்த எமினெம், உச்சரிப்பைச் சற்றே வளைத்து, கதவுக்கீலைக் குறிக்கும் 'டோர் ஹிஞ்ச்' முதலியவற்றோடு அதனை இயைத்துக் காட்டினார். ஒரு சொல்லுக்கு இரு சொல் விடையாயிற்று. இவ்வெள்ளை இளைஞர் கற்றது கறுப்பினப் பாவலரிடமிருந்தே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இயைபு மிகுந்தால் பாட்டு உயரும் என்பாரும் உளர். யான் உடன்படேன். நம் மடக்கும் சித்திரகவியும் பட்ட பாட்டை அறிந்தோர், அசை எண்ணிப் புகழ்வதற்குத் தயங்குவர். பொருள் சோர்ந்த இடத்தில் ஐந்தசை இயைபும் வெறும் கழைக்கூத்தே.

2010இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஆடம் பிராட்லி, ஆண்ட்ரூ டுபாய்ஸ் ஆகியோர் தொகுத்த ராப் பாடல் திரட்டை வெளியிட்டது. கல்வியுலகம் கதவைத் திறந்த நிகழ்ச்சி அது. நூல் வந்ததும் அதன் படியெடுப்பில் பிழைகள் மலிந்துள்ளன என்று திறனாய்வாளர் சுட்டினர். சொற்களைத் தவறாகச் செவிமடுத்தமையே காரணம்.