அடைக்கலம் முடியும் காலம்: புத்தளக் கரையின் அனுபவம்

1990 ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகுமாறு பணிக்கப்பட்டனர். மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை வந்தடைந்தனர். வெளியேற்றப்பட்டோர் தொகை ஏறத்தாழ 75,000 எனக் கணிக்கப்படுகின்றது. அவர்களில் பெரும்பாலானோருக்குப் புகலிடமானது எமது புத்தளம் மாவட்டமே.

கனமூலையிலும் அயற்கிராமங்களிலும் பிறந்த எமக்கு அந்நாட்களின் கதை புதிதன்று. பள்ளிவாசல்களில் சோறு ஆக்கிப் பகிர்ந்தார்கள். பாடசாலைகள் தங்குமிடங்களாயின. தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் முகாம்கள் உருவாகின. அரசின் நிவாரணமும் வெளிநாட்டு உதவியும் வருவதற்கு முன்பே ஜமாஅத்துகள் கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டன. வந்தவர்களை முஹாஜிர்கள் என்றும் ஏற்றவர்களை அன்ஸார்கள் என்றும் மக்கள் அழைத்தனர்.

தொடக்கத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தப் பணி எவ்வாறு முடிவுக்கு வந்தது என்பதைப் பேசுவது குறைவு. ஆனால் மதீனாவின் வரலாறு அந்த முடிவையும் சேர்த்தே சொல்கின்றது.

ஹிஜ்ரத்தின் பின் அன்ஸார்கள் தமது பேரீச்ச மரங்களின் விளைச்சலை முஹாஜிர்களுக்கு வழங்கினார்கள். சகோதரர்களாக இணைக்கப்பட்டோர் ஆரம்பத்தில் ஒருவருக்கொருவர் வாரிசாகவும் இருந்தனர். பின்னர் வாரிசுரிமை இரத்த உறவினருக்கே உரியது என்றாகியது. உதவியும் நல்லுறவும் தொடர்ந்தன. ஹிஜ்ரி 7இல் (கி.பி. 628) கைபர் போர் முடிந்து திரும்பியபோது முஹாஜிர்கள் அந்த மரங்களை உரியவர்களிடம் ஒப்படைத்தார்கள்.

உம்மு சுலைம் (ரழி) அவர்கள் கொடுத்திருந்த மரங்களின் பயனை நபி (ஸல்) அவர்கள் தம்மை வளர்த்த உம்மு அய்மன் (ரழி) அவர்களுக்கு அளித்திருந்தார்கள். திருப்பிக் கொடுக்கும் வேளை வந்தபோது உம்மு அய்மன் மறுத்துவிட்டார். நபியவர்கள் அவரை அதட்டவில்லை. பதிலாகத் தருவதைக் கூட்டிக்கொண்டே போய், ஏறத்தாழப் பத்து மடங்கு தருவதாகக் கூறி அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். உரியவருக்கு உரியது திரும்பிச் சென்றது. விட்டுக் கொடுத்தவரும் வெறுங்கையுடன் நிற்கவில்லை.

புத்தளத்தில் இந்தக் கட்டம் 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் வந்தது. அப்போது உலகின் கவனம் வன்னியிலிருந்து வந்து வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்த ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள்மீது இருந்தது. அவர்களின் துயரம் பெரிது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தோர் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ என வகைப்படுத்தப்பட்டு, மீள்குடியேற்ற உதவிகளில் பின்வரிசைக்குச் சென்றனர். எம்மிடையே இருந்த வடபுல மக்கள் அந்த வகையினர்.

திரும்பிச் சென்றவர்கள் கண்டது என்ன? முசலிப் பக்கத்தில் வீடிருந்த காணி காடாகியிருந்தது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கூரையும் கதவும் இல்லாத சுவர்கள் நின்றன. எனவே தகப்பன் காணி துப்புரவாக்கப் போக, தாயும் பிள்ளைகளும் பாடசாலைக்காகப் புத்தளத்தில் தங்கினார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு அடுப்புகள். இந்தக் குடும்பத்தை எந்த ஊர்ப் பட்டியலில் பதிவது? இங்கே பெயரை வெட்டினால் நிவாரணமும் பாடசாலை அனுமதியும் என்னவாகும்? அங்கே பதியாவிட்டால் காணியும் வாக்கும் என்னவாகும்?

1990இல் கைக்குழந்தையாக வந்த பெண்ணுக்குப் போர் முடிந்தபோது வயது பத்தொன்பது அல்லது இருபது. சிலர் அதற்குள் இங்கேயே மணமுடித்துத் தாயாகியிருந்தனர். அவளை ‘ஊருக்குத் திரும்பு’ என்றால், அவள் நினைவில் இல்லாத ஊருக்கல்லவா போகவேண்டும்? 2007இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் தொடங்கிய வீடமைப்புத் திட்டம் இங்கேயே நிலைக்க விரும்பியோருக்கானது. இருப்பதும் போவதும் குடும்பத்தின் தெரிவு என்பதை அது ஒருவகையில் ஏற்றுக்கொண்டது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. உள்ளூர் மக்களும் வசதி படைத்தவர்கள் அல்லர். வெங்காயத் தோட்டத்துக் கூலி வேலைக்கும், தண்ணீருக்கும், பாடசாலை இடத்துக்கும், அரச தொழிலுக்கும் போட்டி எழுந்தது. இருபது ஆண்டுகள் விருந்தினராக இருப்பதும் கடினம். இருபது ஆண்டுகள் விருந்தளிப்பதும் கடினம். 2011இல் வெளிவந்த பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை வடபுல முஸ்லிம்களின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தது. ஏற்றுக்கொண்ட ஊர்களின் கணக்கும் அதேபோல் எழுதப்பட வேண்டியது.

நிவாரணப் பணியைத் தொடங்குபவருக்கு இரக்கம் போதும். முடித்து வைப்பவருக்குப் பொறுமையும் நேர்மையும் வேண்டும். எஞ்சிய பணத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும். கொட்டில் நின்ற காணியை உடையவரிடம் சேர்க்கவேண்டும். போகிறவரைத் துரத்தாமலும், இருக்கிறவரை ‘அகதி’ என்று தொடர்ந்து அழைக்காமலும் பார்க்கவேண்டும். மாற்று ஏற்பாடு கைக்கு வரும் முன் இருப்பதைப் பறிக்கக் கூடாது. உம்மு அய்மனின் கதை கற்பிப்பது அதைத்தான்.

இந்த மலரை எங்கிருந்து வாசித்தாலும், சகோதரிகளே, உங்கள் வீட்டில் அக்காலத்துக் கூப்பன் அட்டை, முகாம் பட்டியல், பள்ளிவாசல் நிவாரணக் கொப்பி, புகைப்படம் ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். ஏற்றவர்களின் மகளும் வந்தவர்களின் மகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த தலைமுறை இது. இரு வீட்டுக் கொப்பிகளையும் அருகருகே வைத்து இந்த வரலாற்றை முழுமையாக எழுதக்கூடியவர்களும் அவர்களே.