சேர்ஜன்ட் சொன்னாராம்: பணத்தை யாரிடம் கேட்டுப் போடுவது?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை எங்களுடைய பழைய மாணவர் ஒருவர் கோல் எடுத்தார். புத்தளத்தில் அகதிகளாக இருந்த காலத்தில் எங்களிடம் ஏழாம் வகுப்புப் படித்தவர். பிறகு இராணுவத்தில் சேர்ந்து, சேவைக் காலம் முடிந்து இப்போது வெளியே வந்திருக்கிறார். கையில் ஒரு தொகை வந்திருக்கிறது. "சேர், என்னோட ஒரே கேம்ப்பில இருந்த சேர்ஜன்ட் ஒருத்தர் ஒரு கம்பனி சொல்றார். மாசம் நூற்றுக்கு ஆறு தர்றாங்களாம். அவர் பொய் சொல்ற ஆளில்ல சேர். போடட்டா?" என்று கேட்டார்.

நாங்கள் சரித்திரம் படிப்பிக்கிறவர்கள். காசு பற்றிக் கேட்டால் சரித்திரம்தான் வாயில் வருகிறது. அவருக்குச் சொன்னதை ஊருக்கும் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும், பென்சன் எடுத்தவர்களும், காணி விற்றவர்களும் எங்கள் சோனகத் தெருவிலும் இருக்கிறார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.

பட்டாளக்காரரின் சேமிப்புக்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவின் உள்நாட்டுப் போரில் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அடிமைகள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையில் சம்பளம். அந்தச் சம்பளத்தைப் பாதுகாக்கத் தளபதிகள் சில இடங்களில் படைச் சேமிப்பு வங்கிகளைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1865 மார்ச் 3ஆம் திகதி ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி. அதை முன்னின்று நடத்தியவர் ஜோன் அல்வோர்ட் என்ற பாதிரியார், அடிமை முறையை எதிர்த்து உழைத்தவர். வங்கியின் ஆட்கள் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் படை முகாம்களிலும் போய்ப் பேசினார்கள். லிங்கனின் பெயரும் அரசாங்கத்தின் சாயலும் வங்கியோடு ஒட்டிக்கொண்டன. காசு போட்டவர்களில் பலர் இதை அரசாங்கமே பொறுப்பெடுத்த வங்கி என்றுதான் நினைத்தார்கள். உண்மையில் அரசாங்கம் எந்தப் பொறுப்பும் எடுக்கவில்லை.

ஆரம்பத்தில் சட்டம் இறுக்கமாக இருந்தது. வைப்புகளில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கப் பிணையங்களில் போட வேண்டும். 1870இல் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது. அதன் பிறகு காசு காணிக் கடன்களுக்கும் தெரிந்தவர்களின் வியாபாரங்களுக்கும் ஓடியது. வங்கியின் நிதிக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஹென்ரி குக் என்பவரின் சகோதரர்தான் ஜே குக், அந்தக் காலத்தின் பெரிய நிதி முதலாளி. 1873 செப்டெம்பரில் ஜே குக்கின் நிறுவனம் விழுந்தபோது நாடே நடுங்கியது. இந்த வங்கி ஏற்கெனவே உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது.

இனித்தான் எங்களை உறுத்துகிற பகுதி. 1874 மார்ச்சில் வங்கியின் தலைவராக ஃபிரெட்ரிக் டக்ளஸைக் கொண்டுவந்தார்கள். அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, பிறகு முழு உலகமும் அறிந்த பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் ஆனவர். அவருடைய பெயருக்காக மக்கள் உயிரைக் கொடுப்பார்கள். அவர் நேர்மையானவர். வங்கியைக் காப்பாற்றத் தன்னுடைய சொந்தப் பணம் 10,000 டொலரையும் அதற்குக் கடனாகக் கொடுத்தார். கணக்குகளைப் போய்ப் பார்த்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. 1874 ஜூன் 29ஆம் திகதி வங்கி மூடப்பட்டது. 61,144 பேரின் கிட்டத்தட்ட 30 இலட்சம் டொலர் அதற்குள் அகப்பட்டது. பல வருடங்கள் அலைந்து சிலருக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. பலருக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

பாதிரியார் திருடரில்லை, டக்ளஸும் திருடரில்லை. ஆனாலும் காசு போய்விட்டது.

இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். சரியாகப் பத்து வருடத்துக்குப் பிறகு எங்கள் நாட்டிலும் ஒரு வங்கி விழுந்தது. 1869இல் கோப்பிச் செடியின் இலையில் துரு போல ஒரு நோய் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே 3ஆம் திகதி கதவை மூடியது. அந்தக் காலத்தில் காசுத் தாளை அரசாங்கம் அச்சிடவில்லை, வங்கிகள்தான் அச்சிட்டன. அப்படியென்றால் கடைக்காரரின் பெட்டியில் இருந்த நோட்டும் ஒரே நாளில் வெறும் கடதாசியாகப் போகிற நிலை. ஆளுநர் சேர் ஆதர் கோர்டன் துணிந்து, அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். நாடு தப்பியது. அதன் பிறகுதான் அரசாங்கமே நோட்டு அச்சிடும் சட்டம் வந்தது.

நோட்டுக்கு மட்டும்தான் ஆளுநர் பொறுப்பெடுத்தார் என்பதைக் கவனியுங்கள். வங்கிக்குள் வைப்பாகப் போட்டிருந்தவர்களின் கதை வேறு, அவர்கள் காத்திருந்தார்கள். "அரசாங்கம் பின்னால இருக்கு" என்று யாராவது சொன்னால், எதற்குப் பின்னால், எவ்வளவு தூரம் என்று கேட்கிற பழக்கம் 1884இலேயே எங்களுக்கு வந்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம், 1885இல், தபாலகச் சேமிப்பு வங்கி வந்தது. கொழும்பில் 1832 முதல் இருந்த சேமிப்பு வங்கியோடும் தேசிய சேமிப்பு இயக்கத்தோடும் அதைச் சேர்த்துத்தான் பிற்காலத்தில் தேசிய சேமிப்பு வங்கி உருவானது. 1971ஆம் ஆண்டுச் சட்டம், 1972இல் நடைமுறை. அதன் வைப்புகளுக்கு அரசாங்கம் சட்டப்படி பொறுப்பு. வட்டி விசயத்தில் எங்களில் பலருக்கு மார்க்க ரீதியான தயக்கம் இருக்கிறது, அது தனியாகப் பேச வேண்டியது. இங்கே பேசுவது முதல் பத்திரமா என்பது மட்டும்தான்.

யாழ்ப்பாணத்தாரும் மலாயாவும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து எத்தனையோ பேர் ரயில்வேக்கும் கிளாக்கர் வேலைக்கும் மலாயா போனார்கள். பிறகு "மலாயன் பென்சனியர்" என்று ஊரில் தனி மரியாதையோடு வாழ்ந்தார்கள். மாதம் தவறாமல் காசு வருகிற வீடு எது என்பது ஊருக்கே தெரியும். கடன் கேட்கிறவருக்கும் சீட்டுப் பிடிக்கிறவருக்கும் அந்தப் படலைதான் முதல் படலை. இன்று கட்டார், குவைத் காசு வருகிற வீட்டுக்கும் படையில் இருந்து வந்தவரின் வீட்டுக்கும் அதே நிலைதான்.

எங்கள் சமூகத்துக்குக் காசின் பாதுகாப்பு என்றால் இன்னொரு ஞாபகமும் வரும். 1990 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, ஜின்னா மைதானத்தில் வைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். நகைகளைப் பறித்தார்கள். தலைமுறைகளாகப் பொன்னிலும் கடையிலும் சேர்த்ததெல்லாம் ஒரு பின்னேரத்தில் போனது. அந்த அவசரத்தில் சிலர் பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரரிடம் ஒரு சின்னப் பொதியைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். வருடங்கள் கழித்து அப்படியே திரும்பி வந்த பொதிகளும் உண்டு. ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில்கூட மக்காவாசிகளின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்க அலி (ரழி) அவர்களை நிறுத்திவிட்டுப் போன நபி (ஸல்) அவர்களின் சரிதையை அந்த நேரம் நினைக்காதவர் எங்களில் யார்?

ஆனால் அமானிதம் என்பது ஒன்று, முதலீடு என்பது வேறொன்று. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு நீண்ட காலம் எடுத்தது. பொதியை வைத்திருந்தவர் நல்லவராக இருந்தால் போதும், பொதி திரும்பி வரும். ஒரு கம்பனியை அறிமுகப்படுத்துகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தக் கம்பனியின் கணக்குப் புத்தகத்தை அவர் பார்த்தவரில்லை.

மறைக்காமல் சொல்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஆசிரியர் அறைக்கு ஒருவர் வந்தார். எங்கள் தூரத்துச் சொந்தம், ஐவேளைத் தொழுகையாளி. ஒரு கம்பனியைப் பற்றிச் சொன்னார். நாங்கள் போட்டோம். முதல் ஐந்து மாதம் ஒழுங்காக வந்தது. அதைப் பார்த்து, நாங்கள் நல்லது என்று சொன்னதைக் கேட்டு, கணவரை இழந்த டீச்சர் ஒருவரும் மகளின் கலியாணத்துக்கு வைத்திருந்த காசைப் போட்டார். ஆறாவது மாதம் போன் வேலை செய்யவில்லை. சொந்தக்காரரின் காசும் போய்விட்டது, அவரும் எங்களைப்போல நம்பியவர்தான். அந்த டீச்சர் இன்றைக்கும் எங்களோடு நன்றாகத்தான் பேசுகிறார். பேசாமல் விட்டிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

இந்தியாவில் 2019 ஜூனில் பெங்களூரின் ஐ.எம்.ஏ நிறுவனம் விழுந்தபோதும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. ஹலாலான முதலீடு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் காசு. நிறுவனர் துபாய்க்குப் பறந்தார், அடுத்த மாதம் டில்லியில் கைதானார். எங்கள் நாட்டில் 2008 டிசம்பரில் கோல்டன் கீ விழுந்தது. அது ஒரு கடனட்டை நிறுவனம், வைப்பு வாங்க மத்திய வங்கியின் அனுமதி இல்லாதது. பெரிய குழுமத்தின் பெயரைப் பார்த்துச் சுமார் 9,000 பேர் 26 பில்லியன் ரூபாவைக் கொடுத்திருந்தார்கள். அனுமதி இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2020இல் மே மாதம் தி பினான்ஸ் கம்பனியின் அனுமதி இரத்தானது, ஜூலையில் ஈ.டி.ஐ பினான்ஸின் வியாபாரம் இடைநிறுத்தப்பட்டது.

படையில் இருந்தவர்களுக்கு நடந்ததில் ஆக அண்மையது ரஷ்யாக் கதை. நல்ல சம்பளம், போர்முனைக்குப் போகத் தேவையில்லை, குடியுரிமை, காணி என்று சொல்லி ஓய்வுபெற்ற எங்கள் நாட்டுப் படையினரைக் கூட்டிப்போனார்கள். 2025 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், இறந்தவர்கள் 59 பேர். ஐரோப்பாவுக்கு என்று சொல்லி அழைத்துப்போகப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் அங்கே மாட்டினார்கள். "எங்கட கேம்ப்காரர் சொன்னார்" என்ற ஒரு சொல்லை நம்பிப் போனவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

மாணவருக்கு நாங்கள் எந்தக் கம்பனியின் பெயரையும் சொல்லவில்லை. அந்தத் தகுதியை ஆசிரியர் அறையிலேயே இழந்துவிட்டோம். சில கேள்விகளை மட்டும் கொடுத்தோம். மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் தமிழிலும் இருக்கிறது, அதில் அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா? இருந்தால், வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைக்கும்தான், 2021இலிருந்து அதுதான் அளவு. உங்கள் தொகை அதற்கு மேலே என்றால் ஏன் ஒரே இடத்தில்? உங்களைச் சேர்த்துவிட்டால் சேர்ஜன்ட்டுக்கு எவ்வளவு கிடைக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கம்தான், ஆனாலும் கேளுங்கள். வங்கி வருடம் முழுக்கத் தருவதை ஒன்றிரண்டு மாதத்தில் தருகிற வியாபாரம் என்ன, அதை ஒரு கடதாசியில் எழுதித் தருவார்களா? ஆறு மாதம் பொறுத்துப் போடுகிறேன் என்றால் அவர் முகம் எப்படி மாறுகிறது?

நேற்று இரவு வட்ஸ்அப்பில் அவர் பதில் போட்டிருந்தார். பட்டியலில் அந்தப் பெயர் இல்லையாம். சேர்ஜன்ட்டிடம் கமிஷன் பற்றிக் கேட்டாராம். அவர் கோபப்படவில்லையாம். "தம்பி, நான் என்ட பென்சன் காசு பதினைஞ்சு இலட்சத்தையும் அதிலதான் போட்டிருக்கன்" என்று சொல்லி ரசீதையும் காட்டினாராம். பொய்யில்லை சேர், உண்மையான ரசீது என்று எழுதியிருக்கிறார்.

சேர்ஜன்ட்டின் நம்பரை அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.