1888 பெரும் பனிப்புயலும் நியூயார்க் நகரின் வேலைப் பயணமும்

1888 பெரும் பனிப்புயல் என்பது 1888 மார்ச் 11 முதல் 14 வரை ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோர மாநிலங்களைத் தாக்கிய கடும் பனிப்பொழிவையும் சூறைக்காற்றையும் குறிக்கும். இதில் சுமார் 400 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 200 பேர் நியூயார்க் நகரில் இறந்தவர்கள். புயல் உச்சத்தை எட்டிய மார்ச் 12 ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு விடுமுறை முடிந்து நகரம் முழுவதும் வேலைக்குப் புறப்படும் நாள் அது. அதனால் இப்புயலின் வரலாறு, கொட்டும் பனியில் வேலைக்குச் செல்ல முயன்ற மக்களின் வரலாறாகவும் இருக்கிறது.

பின்னணி

1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நியூயார்க் நகரின் மக்கள்தொகை 15 லட்சத்துக்கும் அதிகம். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புரூக்ளின் அப்போது தனி நகரம். அங்கே 8 லட்சம் பேர் வாழ்ந்தனர். மன்ஹாட்டன் தீவின் தென்முனையில்தான் வங்கிகள், அலுவலகங்கள், துறைமுகம் ஆகியவை குவிந்திருந்தன. வாடகை குறைந்த வீடுகளைத் தேடி மக்கள் வடக்கே நகர நகர, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான தூரம் பல கிலோமீட்டராக வளர்ந்தது.

இத்தூரத்தைக் கடக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தெருவில் தண்டவாளத்தின் மீது குதிரைகள் இழுத்துச் சென்ற டிராம் வண்டி. மற்றொன்று, தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் அமைந்த பாதையில் நீராவி எஞ்சின்கள் இழுத்துச் சென்ற உயர்மட்ட ரயில். புரூக்ளினிலிருந்து வருபவர்களுக்குப் படகுகளும், 1883இல் திறக்கப்பட்ட புரூக்ளின் பாலமும் இருந்தன. இவை அனைத்தும் திறந்த வெளியில் இயங்கியவை.

எச்சரிக்கை இல்லாத புயல்

மார்ச் 10, சனிக்கிழமை, இதமான வானிலை நிலவியது. ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. தெற்கிலிருந்து வந்த ஈரமான வெப்பக்காற்றும் கனடாவிலிருந்து இறங்கிய குளிர்காற்றும் கரையோரத்தில் சந்தித்ததால் உருவான தாழ்வழுத்தம், வழக்கம்போல் கடலுக்குள் விலகிச் செல்லாமல் கரையை ஒட்டியே தங்கிவிட்டது. நள்ளிரவுக்குப் பின் மழை பனியாக மாறியது. வானிலையை முன்னறிவிக்கும் பொறுப்பு அக்காலத்தில் இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் இருந்தது. அது வெளியிட்ட முன்னறிவிப்பில் இத்தகைய புயல் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை.

நியூயார்க்கில் மொத்தம் 53 சென்டிமீட்டர் பனி பெய்தது.  பேரழிவுக்குக் காரணமானது காற்று. அது பனியை வாரிச் சென்று சுவர்களின் மீது மோதியதால் பல இடங்களில் 6 மீட்டருக்கும் உயரமான பனிமேடுகள் எழுந்தன. வெப்பநிலையும் வேகமாகச் சரிந்து, மார்ச் 13 அன்று பூஜ்யத்துக்குக் கீழே 14 பாகை செல்சியசை நெருங்கியது.

திங்கட்கிழமைக் காலை

வீட்டுக் கதவைத் திறந்தபோதே பனி வாசலை மூடியிருந்தது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குக் கிளம்பினர். அன்றைய தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு என்ற ஏற்பாடு பொதுவாக இல்லை. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. வராமல் இருந்தால் வேலையே போய்விடும் என்ற அச்சமும் இருந்தது. சாதாரணக் கூலியாளின் ஒரு நாள் வருமானம் ஒன்றிரண்டு டாலர் மட்டுமே. வீட்டில் தொலைபேசி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். எனவே தொழிற்சாலையோ கடையோ திறந்திருக்கிறதா என்பதை நேரில் சென்று பார்த்தால்தான் அறிய முடியும்.

டிராம் வண்டிகள் பனியில் புதைந்தன. வண்டியோட்டிகள் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு வண்டிகளைத் தெருவிலேயே விட்டுச் சென்றனர். உயர்மட்ட ரயில்கள் காலையில் சிறிது நேரம் ஓடி, பிறகு நிலையங்களுக்கு இடையே நின்றுவிட்டன. அவற்றில் சுமார் 15,000 பயணிகள் சிக்கியதாக மதிப்பிடப்பட்டது. தெருவில் சிலர் ஏணிகளைக் கொண்டுவந்து, காசு வாங்கிக்கொண்டு பயணிகளைக் கீழே இறக்கினர். மூன்றாம் அவென்யூ பாதையில் ஒரு ரயில் மற்றொன்றின் பின்புறம் மோதியதில் எஞ்சின் ஓட்டுநர் ஒருவர் இறந்தார்.

பங்குச் சந்தையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுள் சில பத்துப் பேரே வந்து சேர்ந்ததால் அது சீக்கிரமே மூடப்பட்டது. பாடுபட்டு வேலையிடத்தை அடைந்த பலர், அது பூட்டியிருப்பதைக் கண்டு அதே புயலில் திரும்பி நடந்தனர். சில பெரிய கடைகள் தங்கள் பெண் பணியாளர்களை இரவு கடைக்குள்ளேயே தங்கவைத்தன.

ரோஸ்கோ காங்க்லிங்கின் நடை

புயலால் உயிரிழந்தவர்களுள் பெரிதும் அறியப்பட்டவர் ரோஸ்கோ காங்க்லிங். அமெரிக்க மேலவையின் முன்னாள் உறுப்பினரும் வழக்கறிஞருமான அவருக்கு வயது 58. திங்கட்கிழமை மாலை வால் தெருவிலிருந்து திரும்ப விரும்பிய அவரிடம் வாடகை வண்டிக்காரர் 50 டாலர் கேட்டதாகவும், அவர் அதைத் தர மறுத்ததாகவும் கூறப்படுகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் பனியில் நடந்து மேடிசன் சதுக்கத்தை அடைந்தார். அதன்பின் நோயுற்று ஏப்ரல் 18 அன்று காலமானார். மேடிசன் சதுக்கப் பூங்காவில் அவருடைய சிலை உள்ளது. மாதக் கூலியை விடவும் அதிகமான தொகையை வண்டிக்குக் கொடுப்பதா என்ற கேள்வியே எழாத தொழிலாளர்களுள் பலருடைய பெயர்கள் இன்று நினைவில் இல்லை.

பனிக்கட்டியின் மீது

மறுநாள், செவ்வாய்க்கிழமை, கிழக்கு ஆற்றில் மிதந்து வந்த பெரும் பனிக்கட்டி இரு கரைகளுக்கும் இடையே அடைத்து நின்றது. புரூக்ளினிலிருந்து வேலைக்குச் செல்ல வேண்டியவர்கள் ஏணி வழியாக இறங்கி ஆற்றின் குறுக்கே நடக்கத் தொடங்கினர். நீரோட்டம் திரும்பியதும் பனிக்கட்டி உடைந்து நகர்ந்தது. அதன் துண்டுகளில் சிக்கி மிதந்தவர்களை இழுவைப் படகுகள் மீட்டன.

தந்திக் கம்பங்கள் சாய்ந்ததால் நகரத்தின் வெளித்தொடர்பும் அறுந்தது. நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு அனுப்ப வேண்டிய செய்திகள் கடலடித் தந்தி வழியாக லண்டனுக்குச் சென்று அங்கிருந்து பாஸ்டனை அடைந்தன. தெருக்களைத் திறக்கப் புலம்பெயர்ந்த இத்தாலியர்கள் உள்ளிட்ட ஏராளமான கூலியாட்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் மண்வாரிகளால் பனியை அள்ளி, குதிரை வண்டிகளில் ஏற்றி ஆறுகளில் கொட்டினர்.

விளைவுகள்

இப்புயலே நியூயார்க்கின் சுரங்க ரயிலைத் தோற்றுவித்தது என்று எழுதப்படுவதுண்டு. இது முழு உண்மை அன்று. நகரத் தலைவர் ஆப்ராம் ஹெவிட், புயலுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே, 1888 ஜனவரி 31 அன்று, நகரமே பணம் போட்டு விரைவு ரயில் பாதை அமைக்க வேண்டும் என்று முன்மொழிந்திருந்தார். அத்திட்டத்தின் தேவையைப் புயல் கண்கூடாக்கியது. ஆயினும் 1894இல்தான் உரிய சட்டம் இயற்றப்பட்டது. 1900இல் பணி தொடங்கி, 1904 அக்டோபர் 27 அன்று முதல் பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1897இல், பாஸ்டன் நகரில் அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் பாதை திறக்கப்பட்டிருந்தது.

மின்கம்பிகளின் நிலையும் இத்தகையதே. அவற்றைப் பூமிக்கடியில் பதிக்க வேண்டும் என்று 1884லேயே சட்டம் இருந்தும் நிறுவனங்கள் காலம் தாழ்த்தின. புயலுக்குப் பிறகு, 1889இல்தான், நகர நிர்வாகம் கம்பங்களை வெட்டி அகற்றத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் கம்பிப் பணியாளர் ஒருவர் மக்கள் கண்ணெதிரே மின்சாரம் தாக்கி இறந்ததும் அப்பணியை விரைவுபடுத்தியது.

பிற்கால நிலை

2015 ஜனவரி 26 அன்று, கடும் பனிப்புயல் வரும் என்ற முன்னறிவிப்பைத் தொடர்ந்து, நியூயார்க் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ இரவு 11 மணி முதல் சுரங்க ரயில் சேவையை நிறுத்த ஆணையிட்டார். பனிக்காகச் சேவை முழுவதும் நிறுத்தப்பட்டது அதுவே முதன்முறை. நகரில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பனி பெய்ததால் அம்முடிவு விமர்சிக்கப்பட்டது. எனினும் மக்கள் வெளியே வர வேண்டாம் என்று புயலுக்கு முன்பே பொறுப்பில் உள்ளவர் அறிவித்தது, 1888இல் இல்லாத ஒன்று.

கூலி பற்றிய கேள்வி மட்டும் பெரிதும் மாறவில்லை. மணிக்கணக்கில் ஊதியம் பெறுவோருக்கு, வேலை செய்த நேரத்துக்கு மட்டும் ஊதியம் அளித்தால் போதும் என்பதே இன்றும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பொதுவிதி. பனி காரணமாக வேலையிடம் மூடப்பட்டாலும் இவ்விதியே பொருந்தும்.