சூரிய வெந்நீரைக் கைவிட்ட நகரம்

குளியலறைச் சுவரில் தொங்கும் மின் வெந்நீர்க் கலத்தை நாம் 'கீசர்' என்கிறோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐஸ்லாந்து நாட்டில் தரையிலிருந்து வெந்நீரைப் பீய்ச்சியடிக்கும் ஊற்று ஒன்று உண்டு. அதன் பெயர் கெய்சிர். 1868-இல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்து, அதற்கு இந்த ஊற்றின் பெயரையே சூட்டினார். எரிந்த வாயு வெளியேற வழியில்லாத அந்தக் கருவி ஆபத்தானது, அது மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நம் வீடுவரை வந்து சேர்ந்துவிட்டது.

கீசர் ஒழுகத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்? பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா, வாங்கினால் எந்த வகையை வாங்குவது என்று வீட்டில் பேச்சு எழும். அதற்குள் மறுநாள் காலைக் குளியல் வந்துவிடும். அவசரத்தில் எது உடனே கிடைக்கிறதோ, எதற்கு இன்று குறைந்த பணம் போதுமோ, அதுவே வீட்டுக்கு வரும். அமெரிக்காவில் ஒரு நகரம் முழுவதும் இந்தக் கணக்கைப் போட்டது. அதன் விளைவாக, கூரைமேல் ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்த வெந்நீரை இழந்தது. அந்தக் கதையைக் காண்போம்.

கதை 1891-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப், 'கிளைமாக்ஸ்' என்னும் சூரிய வெந்நீர்க் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கருவி மிக எளியது. கறுப்பு வண்ணம் பூசிய நான்கு இரும்பு உருளைகள் ஒரு மரப்பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருக்கும். பெட்டிக்கு மேலே கண்ணாடி மூடி. கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சும்; உள்ளே சேர்ந்த வெப்பம் எளிதில் வெளியேறாதபடி கண்ணாடி தடுக்கும். சுமார் 120 லிட்டர் கொள்ளும் சிறிய கருவியின் விலை 25 டாலர். கலிபோர்னியாவில் அப்போது நிலக்கரிக்கும் வாயுவுக்கும் விலை அதிகம், வெயிலுக்கோ பஞ்சமில்லை. 1897-க்குள் அங்குள்ள பாசடீனா நகரில் நூற்றுக்கு 30 வீடுகளில் இந்தக் கருவி வந்துவிட்டது.

குறை ஒன்று இருந்தது. உருளைகள் கூரைமேல் திறந்த வெளியில் கிடந்தபடியால், மாலையில் கொதித்த நீர் விடியற்காலையில் ஆறிப்போய்விடும். இதைத் தீர்த்தவர் வில்லியம் பெய்லி. 1909-இல் அவர் வெப்பத்தைச் சேர்க்கும் பகுதியையும் நீரைச் சேமிக்கும் பகுதியையும் தனித்தனியே பிரித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் மெல்லிய குழாய்கள். அதற்கு மேலே, வெப்பம் கசியாதபடி போர்த்திய தொட்டி. சூடான நீர் அடர்த்தி குறைந்து தானே மேலே ஏறும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். பம்பு தேவையில்லை. இரவிலும் வெந்நீர் கிடைத்ததால் கருவிக்குப் 'பகலும் இரவும்' என்றே பெயர் வைத்தார்.

1913 ஜனவரியில் கலிபோர்னியாவைக் கடுங்குளிர் தாக்கியது. குழாய்களில் நீர் உறைந்து விரிந்ததால் குழாய்கள் வெடித்தன. பெய்லி மனம் தளரவில்லை. குழாய்களில் ஆல்கஹால் கலந்த நீரை ஓடவிட்டு, தொட்டிக்குள் ஒரு சுருள் வழியாக வெப்பத்தை மட்டும் மாற்றினார். இவ்வாறு குளிரை வென்றவரை எரிவாயு வென்றுவிட்டது. 1920-களில் லாஸ் ஏஞ்சலஸ் சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் இயற்கை வாயுவும் ஏராளமாகக் கிடைத்தன. வாயுவின் விலை சரிந்தது. பெய்லியின் நிறுவனமே பின்னர் வாயு வெந்நீர்க் கருவிகளைச் செய்யத் தொடங்கியது!

ஆனால் புளோரிடா மாநிலத்தில் மலிவான வாயு இல்லை. அங்குள்ள மியாமி நகரத்துக் கட்டிடத் தொழிலதிபர் ஒருவர் 1923-இல் பெய்லியின் உரிமையை வாங்கிச் சென்றார். 1926-ஆம் ஆண்டின் பெரும்புயல் கட்டிடத் தொழிலை நொறுக்கியபோது இந்த வணிகமும் படுத்தது. 1930-களின் நடுவில், அரசின் வீட்டுக்கடன் திட்டங்களின் துணையோடு மீண்டும் எழுந்தது. 1941-இல் மியாமி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் சூரிய வெந்நீரில் குளித்தனர். கூரைமேல் தொட்டி தெரிந்தால் வீட்டின் அழகு கெடும் என்று, புகைபோக்கி போன்ற ஒரு கூண்டைக் கட்டி அதற்குள் தொட்டியை ஒளித்து வைத்தார்கள். குளிர்காயும் அடுப்பு அதிகம் தேவைப்படாத வெப்ப ஊரில் இத்தனை புகைபோக்கிகள் என்பது வேடிக்கைதான்.

பிறகு தொட்டிகள் ஒழுகத் தொடங்கின.

காரணத்தை நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே கண்டிருப்பீர்கள். இரு வேறு உலோகங்களை உப்புக் கரைந்த நீரில் வைத்து இணைத்தால் மின்கலம் ஆகிவிடும்; இரண்டில் வினைவேகம் மிகுந்த உலோகம் கரையும். மியாமி கருவிகளில் குழாய் செம்பு, தொட்டி எஃகு. செம்பைவிட இரும்பு எளிதில் கரைவதால் தொட்டி உள்ளிருந்தே அரிக்கப்பட்டது. நீர் சூடாக இருந்ததால் அரிப்பும் விரைந்தது. (நம் வீடுகளில் முன்பு கரி போட்டு எரித்த பாய்லர் பெரும்பாலும் செம்பாலேயே ஆனது. அதில் இந்தத் தொல்லை இல்லை.)

இதில் வருத்தம் தருவது எது தெரியுமா? கெட்டது தொட்டி மட்டுமே. வெயிலைச் சேர்க்கும் கண்ணாடிப் பெட்டி பல வீடுகளில் நன்றாகவே இருந்தது. ஆனால் தொட்டியோ கூரைமேல் பொய்ப் புகைபோக்கிக்குள் இருந்தது. அதைப் பிரித்து, கனமான பழைய தொட்டியை இறக்கி, புதியதை ஏற்றியாக வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செம்பு போர்த் தேவைகளுக்கே ஒதுக்கப்பட்டது. போருக்குப் பின் செம்பின் விலையும் கூலியும் ஏறிவிட்டன. மின் கட்டணமோ இறங்கியிருந்தது. மின் வெந்நீர்க் கலத்தின் விலை குறைவு, பொருத்துவதும் எளிது. துணி துவைக்கும் இயந்திரங்களும் வந்து சேர, வெந்நீரின் தேவையும் கூடிற்று. ஒவ்வொரு குடும்பமாக மின்சாரத்துக்கு மாறியது.

அவர்கள் மாதந்தோறும் எதை விலைக்கு வாங்கினார்கள் என்று நாமே கணக்கிடலாம். 100 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 3500 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோகலோரி. ஆக, நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட்; ஆண்டுக்கு ஏறக்குறைய 1,460 யூனிட். இதைத்தான் வெயில் அதுவரை காசில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. தொட்டி மாற்றும் செலவை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். மின் கட்டணமோ சிறிது சிறிதாகப் போகும். மியாமிவாசிகளை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலிவான மின்சாரம் என்றும் மலிவாகவே இருக்கும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது நம்பிக்கை உடைந்தது. இஸ்ரேல் நாடு 1980-இல், புதிதாகக் கட்டும் வீடுகளில் சூரிய வெந்நீர்க் கருவி வேண்டும் என்று சட்டமே செய்தது.

மியாமி தொட்டிகளைக் காத்திருக்கக்கூடிய அறிவு அன்று புதியதல்ல. 1824-ஆம் ஆண்டிலேயே ஹம்ப்ரி டேவி அதைக் கண்டு சொல்லியிருந்தார். ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல்களின் அடிப்புறத்தில் போர்த்திய செம்புத் தகடு கடல்நீரில் அரிக்கப்பட்டது. டேவி அதோடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். துண்டுகள் கரைந்தன, செம்பு பிழைத்தது. ஆனால், கடல்வாழ் உயிரிகள் ஒட்டாமல் தடுத்துவந்ததே கரையும் செம்புதான்! செம்பு கரையாததால் சிப்பிகளும் பாசியும் கப்பலில் அப்பிக்கொண்டு வேகத்தைக் குறைத்தன. டேவியின் முறையைக் கடற்படை கைவிட்டது.

கப்பலுக்கு உதவாத அந்த உத்தி வெந்நீர்க் கலத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. இன்று எஃகுத் தொட்டி கொண்ட பெரும்பாலான கீசர்களுக்குள் மக்னீசியத் தண்டு ஒன்று இருக்கிறது. மக்னீசியம் இரும்பைவிட எளிதில் கரையும். ஆகவே தொட்டிக்குப் பதிலாக அது தன்னைக் கொடுத்துக்கொள்கிறது. முழுவதும் கரைந்த பிறகு முறை தொட்டிக்கு வரும். கீசர் வேலைக்கு ஆள் வரும்போது மின்சாரத்தை நிறுத்தி, தண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பென்சில் அளவுக்கு மெலிந்து, உள்ளிருக்கும் கம்பி தெரிந்தால் புதிய தண்டைப் போடச் சொல்லுங்கள். அதன் விலை புதிய கீசரின் விலையில் சிறு பகுதியே. ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் புழங்கும் வீடானால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது. தண்டோடு, சூடேற்றும் கம்பிச்சுருளின்மேல் படிந்த சுண்ணாம்பையும் அப்போதே சுரண்டி எடுத்துவிடலாம்.